ஃபேர்னஸ் டாக்ட்ரின்: அமெரிக்க வலதுசாரி மீடியா வளர்ந்த கதையில எல்லாரும் தப்பா சொல்ற விஷயம்

அமெரிக்க அரசியல் பத்தி யூடியூப்ல பேசுறவங்களா இருந்தாலும் சரி, வாட்ஸ்அப்ல வர்ற ஃபார்வர்டா இருந்தாலும் சரி, ஒரே கதை திரும்பத் திரும்ப வருது. "முன்னாடி அமெரிக்க டிவில ரெண்டு பக்கத்துக்கும் சமமா நேரம் குடுக்கணும்னு சட்டம் இருந்துச்சு, 1987-ல ரீகன் அந்த சட்டத்த தூக்கிட்டாரு, அதனாலதான் ஃபாக்ஸ் நியூஸ் வந்துச்சு." கேக்குறதுக்கு கச்சிதமா இருக்கு, ஆனா துண்டு துண்டா பிரிச்சுப் பாத்தா கிட்டத்தட்ட எல்லாமே தப்பு. அவங்க சொல்ற அந்த "சட்டம்" பேர் ஃபேர்னஸ் டாக்ட்ரின், அது அமெரிக்க பார்லிமென்டான காங்கிரஸ் போட்ட சட்டம் இல்ல. சமமா நேரம் குடுக்கணும்னு அது சொல்லல. அத எடுத்தது ஜனாதிபதி ரீகன் கையெழுத்து இல்ல. ஃபாக்ஸ் நியூஸ் மாதிரி ஒரு சேனல அது கட்டுப்படுத்தியிருக்கவும் முடியாது. வருஷம் மட்டும் சரி.

இது சின்ன தப்புதானேன்னு விட முடியல. ஏன்னா இந்தக் கதைய நம்புறவங்க அடுத்த மூச்சுல "அந்த சட்டத்த திரும்பக் கொண்டு வந்தா எல்லாம் சரியாயிடும்"னு சொல்றாங்க, எதிர்ப்பக்கம் இருக்குறவங்க "எங்க வாய மூடத்தான் அந்த சட்டமே போட்டாங்க"ன்னு சொல்றாங்க. உண்மையில என்ன இருந்துச்சு, எப்படி வேலை செஞ்சுச்சுன்னு தெரிஞ்சாதான் இந்த ரெண்டையும் எடை போட முடியும்.

ஊருக்கு ஒரே மைக் செட்

ஒரு ஊர்ல பொது மைதானம் இருக்கு, அங்க ஒரே ஒரு மைக் செட்தான் கட்ட முடியும்னு வச்சுக்கோங்க. ரெண்டு பேர் ஒரே நேரத்துல கட்டுனா ரெண்டுமே காதுல விழாது, வெறும் இரைச்சல்தான். அதனால பஞ்சாயத்து ஒருத்தருக்கு மட்டும் அனுமதி குடுக்குது. இடம் ஊருக்குச் சொந்தம், உனக்குக் குடுத்திருக்கிறது அனுமதி மட்டும்தான், அதனால ஊர்ல தண்ணிப் பிரச்சனை ஓடுதுன்னா அதப் பத்தி பேசாம இருக்கக்கூடாது, பேசுனா ஒரு பக்கத்த மட்டும் பேசிட்டு போகவும் கூடாதுன்னு ஒரு கண்டிஷன் போடுது. அதே ஊர்ல ஒருத்தர் சொந்தக் காசுல நோட்டீஸ் அடிச்சு விநியோகம் பண்ணா அவர்கிட்ட பஞ்சாயத்து இப்படி எதுவும் கேக்க முடியாது. அவர் பொது இடத்த எடுத்துக்கல, இன்னொருத்தர் நோட்டீஸ் அடிக்கிறத தடுக்கவும் இல்ல.

அமெரிக்காவுல அந்த மைதானம் அலைவரிசை. அதாவது ரேடியோவும் ஆன்டெனா டிவியும் காத்துல அனுப்புற சிக்னலுக்கான பாதை. 1920கள்ல ஆளாளுக்கு ஸ்டேஷன் ஆரம்பிச்சு ஒருத்தர் சிக்னல் மேல இன்னொருத்தர் சிக்னல் ஏறி கேக்கவே முடியாத நிலைமை வந்துச்சு, அதனால 1927-ல ரேடியோ சட்டம் வந்துச்சு, 1934-ல அதுக்குப் பதிலா தகவல் தொடர்பு சட்டம் வந்து எஃப்சிசின்னு ஒரு அமைப்ப உருவாக்குச்சு. எஃப்சிசிங்கிறது ரேடியோ, டிவி ஸ்டேஷன்களுக்கு லைசென்ஸ் குடுத்து மேற்பார்வை பாக்குற மத்திய அரசு கமிஷன். லைசென்ஸ்னா குறிப்பிட்ட அலைவரிசைய குறிப்பிட்ட காலத்துக்கு பொது நலனுக்காக பயன்படுத்திக்கலாம்ங்கிற அனுமதி. காலம் முடிஞ்சா புதுப்பிக்கணும். இந்த "புதுப்பிக்கணும்"தான் முக்கியமான பிடி, இத ஞாபகம் வச்சுக்கோங்க.

1949-ல உண்மையில என்ன சொன்னாங்க

முதல்ல 1941-ல எஃப்சிசி ஒரு தீர்ப்புல, ஸ்டேஷன் ஓனர் தன் சொந்தக் கருத்த ஒலிபரப்பவே கூடாதுன்னு சொல்லியிருந்துச்சு. 1949-ல அத தளர்த்தி, கருத்து சொல்லலாம், ஆனா ரெண்டு கடமை இருக்குன்னு சொன்னாங்க. இந்த ரெண்டு கடமைதான் ஃபேர்னஸ் டாக்ட்ரின். ஒண்ணு, ஊருக்கு முக்கியமான, சர்ச்சையில இருக்கிற விஷயங்களுக்கு ஸ்டேஷன் நேரம் ஒதுக்கணும். ரெண்டு, அந்த விஷயத்துல மாறுபட்ட கருத்துகளுக்கும் நியாயமான அளவுக்கு இடம் குடுக்கணும்.

"நியாயமான அளவு"ன்னுதான் இருக்கு, சமமான அளவுன்னு இல்ல. அதே நிகழ்ச்சியில இடம் குடுக்கணும்னும் இல்ல. ஒரு ஸ்டேஷன் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒரு பக்கத்த பேசிட்டு வேற நாள் வேற நிகழ்ச்சியில எதிர்க்கருத்துக்கு கொஞ்ச நேரம் குடுத்தா போதும், ஒட்டுமொத்தமா பாத்து நியாயமா இருந்தா சரி.

அப்ப "சமமான நேரம்"ங்கிறது எங்கிருந்து வந்துச்சு? அது தனி விதி. 1934 சட்டத்தோட 315-வது பிரிவுல இருக்கு. தேர்தல்ல நிக்கிற ஒரு வேட்பாளருக்கு ஸ்டேஷன் நேரம் குடுத்தா அதே பதவிக்கு நிக்கிற மத்த வேட்பாளர்களுக்கும் அதே வாய்ப்பு குடுக்கணும், அவ்வளவுதான். வேட்பாளருக்கு மட்டும்தான், கருத்துக்கு இல்ல. செய்தி, செய்தி பேட்டி மாதிரியான நிகழ்ச்சிகளுக்கு 1959-ல விலக்கும் குடுத்தாங்க. இந்த விதி இன்னைக்கும் உயிரோட இருக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்புறதுதான் பாதி தப்புக்குக் காரணம்.

இதுவரைக்கும் பாத்தது இவ்வளவுதான்: அலைவரிசை பொதுச் சொத்து, லைசென்ஸ் வாங்குனவங்களுக்கு கண்டிஷன் உண்டு, அந்த கண்டிஷன் கமிஷன் போட்ட கொள்கை, அது சம நேரம் கேக்கல.

யார் மேல செல்லும், யார் மேல செல்லாது

இதுக்கு ரெண்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா போதும்.

1964-ல பென்சில்வேனியா மாநிலத்துல ரெட் லயன்ங்கிற சின்ன ஊர் ரேடியோ ஸ்டேஷன்ல பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ்னு ஒரு வலதுசாரி பாதிரியார், அந்த வருஷ குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர விமர்சிச்சு புத்தகம் எழுதுன ஃப்ரெட் குக்ங்கிற பத்திரிகையாளரக் கடுமையா தாக்கிப் பேசுனாரு. குக் பதில் சொல்ல இலவச நேரம் கேட்டாரு, ஸ்டேஷன் காசு கேட்டுச்சு, எஃப்சிசி இலவசமா குடுன்னு சொல்லுச்சு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1969-ல ஒருமனதான தீர்ப்புல எஃப்சிசி ஜெயிச்சுது. காரணம் நம்ம மைதானக் காரணமேதான், அலைவரிசை கொஞ்சம், கேக்குற ஆள் நிறைய.

அஞ்சு வருஷம் கழிச்சு, 1974-ல, மியாமி ஹெரால்டு பத்திரிகை கேஸ். ஃப்ளோரிடாவுல ஒரு சட்டம் இருந்துச்சு, பத்திரிகை ஒரு வேட்பாளர விமர்சிச்சா அவரோட பதிலயும் போடணும்னு. கிட்டத்தட்ட அதே கோரிக்கைதான். ஆனா இந்த தடவ சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசனத்தோட முதல் திருத்தத்துக்கு, அதாவது பேச்சு சுதந்திரத்தையும் பத்திரிகை சுதந்திரத்தையும் அரசு பறிக்கக்கூடாதுங்கிற 1791-ஆம் வருஷ விதிக்கு, எதிரானதுன்னு ஒருமனதா அந்த சட்டத்த ரத்து பண்ணிடுச்சு. பத்திரிகை அச்சடிக்க அலைவரிசை தேவையில்ல இல்லையா.

இப்ப கேபிள் டிவிக்கு வாங்க. சிஎன்என் 1980-லயும் ஃபாக்ஸ் நியூஸ் 1996-லயும் ஆரம்பிச்சது கம்பி வழியா, அலைவரிசை லைசென்ஸ் இல்லாம. அந்த சேனல்களுக்கு எஃப்சிசிகிட்ட புதுப்பிக்க வேண்டிய லைசென்ஸே கிடையாது. அதனால "ஃபாக்ஸ் நியூஸ் லைசென்ஸ ரத்து பண்ணணும்"னு யாராவது சொன்னா, இல்லாத ஒண்ண ரத்து பண்ணச் சொல்றாங்கன்னு அர்த்தம். டாக்ட்ரின் 1987-க்கு அப்புறமும் இருந்திருந்தாலும் அதோட அடிப்படை வாதம் கேபிளத் தொடாது.

நடைமுறையில அது யாரக் கட்டிப்போட்டுச்சு

இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது, பெரும்பாலானவங்க இத பேசுறதே இல்ல. எஃப்சிசி உக்காந்து ஒவ்வொரு நிகழ்ச்சியையும் கேட்டுட்டு இருக்கல. யாராவது புகார் குடுக்கணும், ஸ்டேஷன் பதில் சொல்லணும், வக்கீல் வைக்கணும், லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரத்துல இது பிரச்சனையாகுமோன்னு பயப்படணும். பெரிய நெட்வொர்க்குக்கு இது ஒரு செலவு, அவ்வளவுதான். சின்ன ஊர்ல ஏழெட்டு பேர வச்சு ஸ்டேஷன் நடத்துறவருக்கு இதுல இருந்து தப்பிக்க சுலபமான வழி சர்ச்சையான விஷயத்த தொடாம பாட்டப் போட்டுட்டுப் போறது. ரெண்டு பக்கமும் பேசட்டும்னு போட்ட விதி, நிறைய இடத்துல யாருமே பேசாத நிலைமைய உண்டாக்குச்சு.

அரசியல்வாதிங்களுக்கும் இது நல்ல ஆயுதமா கெடச்சுது. 1963-ல கென்னடி அணு ஆயுத சோதனைத் தடை ஒப்பந்தத்த செனட்ல நிறைவேத்தப் பாடுபட்டப்ப, அத எதிர்த்துப் பேசுன வலதுசாரி ரேடியோ நிகழ்ச்சிகள ஒலிபரப்புன ஸ்டேஷன்கள்கிட்ட ஒப்பந்த ஆதரவாளர்கள் இந்த டாக்ட்ரினக் காட்டி இலவச நேரம் கேட்டாங்க. பென்சில்வேனியாவுல கார்ல் மெக்கின்டைர்ங்கிற வலதுசாரி பாதிரியார் சம்பந்தப்பட்ட டபிள்யூஎக்ஸ்யுஆர் ஸ்டேஷனுக்கு 1970-ல எஃப்சிசி லைசென்ஸப் புதுப்பிக்க மறுத்து, கோர்ட்டும் அத உறுதிப்படுத்தி, 1973-ல அந்த ஸ்டேஷன் மூடுச்சு.

ஆனா இத வச்சு டாக்ட்ரின் எப்பவும் வலதுசாரிகளுக்கு எதிரானதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. பெரிய டிவி நெட்வொர்க்குகள் எல்லாம் லிபரல் பக்கம் சாயுதுங்கிற கோபம் வலதுசாரிகள்கிட்ட ரொம்ப நாளா இருந்துச்சு, 1969 நவம்பர்ல துணை ஜனாதிபதி ஸ்பைரோ ஆக்னியூ டெ மாய்ன் நகரத்துல பேசுன பேச்சு அந்தக் கோபத்த தேசிய அரசியலுக்கே கொண்டு வந்துச்சு. அப்படிப்பட்டவங்க பலருக்கு இந்த டாக்ட்ரின் ஒரு பாதுகாப்பு. நெட்வொர்க் ஒரு பக்கமா பேசுனா நமக்கும் இடம் குடுன்னு கேக்க கையில இருந்த ஒரே சீட்டு அதுதான். ஃபிலிஸ் ஷ்லாஃப்லி, நியூட் கிங்ரிச் மாதிரி பேர் போன வலதுசாரிகளே 1987-ல டாக்ட்ரின் இருக்கணும்னு நின்னாங்க. இன்னைக்கு இத சொன்னா அமெரிக்காவுலயே நிறைய பேர் நம்ப மாட்டாங்க.

1987-ல நடந்தது

ரீகன் எஃப்சிசி தலைவரா போட்ட மார்க் ஃபௌலர் காலத்துலயே, 1985-ல, கமிஷன் ஒரு அறிக்கை விட்டுச்சு: இந்த விதி பேச்ச வளர்க்குறதுக்குப் பதிலா முடக்குதுன்னு. அடுத்த வருஷம் வாஷிங்டன் அப்பீல் கோர்ட், இத காங்கிரஸ் சட்டமா ஆக்கல, இது கமிஷனோட கொள்கைதான்னு தீர்ப்பு சொல்லுச்சு. கமிஷன் போட்டதுன்னா கமிஷனே எடுக்கலாம்ல. உடனே காங்கிரஸ் பதறிப்போயி ரெண்டு கட்சி ஆதரவோட இத சட்டமாக்க மசோதா நிறைவேத்துச்சு, 1987 ஜூன்ல ரீகன் அத வீட்டோ பண்ணாரு, அதாவது கையெழுத்துப் போட மறுத்து திருப்பி அனுப்பிட்டாரு. ஆகஸ்ட்ல எஃப்சிசி, சிரக்யூஸ்ல ஒரு டிவி ஸ்டேஷன் மேல வந்த புகார் கேஸ்ல, 4-0ன்னு ஓட்டுப் போட்டு டாக்ட்ரின முடிச்சு வச்சுது. ரீகனோட பங்கு அந்த வீட்டோவும் அவர் நியமிச்ச ஆட்களும். விதிப் புத்தகத்துல இருந்து அந்த வரிகள அதிகாரபூர்வமா அழிச்சது 2011-ல, ஒபாமா காலத்துல.

சுருக்கமா: விதிய எழுதுனதும் கமிஷன், எடுத்ததும் கமிஷன். காங்கிரஸ் காப்பாத்தப் பாத்துச்சு, முடியல.

அப்ப லிம்பாவ் எப்படி வளந்தாரு?

ரஷ் லிம்பாவ்ங்கிற வலதுசாரி ரேடியோ பேச்சாளர் 1988 ஆகஸ்ட்ல, டாக்ட்ரின் போயி சரியா ஒரு வருஷத்துல, நியூயார்க்ல இருந்து நாடு முழுக்க தன் நிகழ்ச்சிய ஆரம்பிச்சாரு. இந்தத் தேதிகளப் பாத்தா "அதான் காரணம்"னு தோணும், அதுல உண்மையும் இருக்கு. தினமும் மூணு மணி நேரம் ஒரே ஆள் ஒரே பக்கத்தப் பேசுற நிகழ்ச்சிய வாங்கிப் போட ஸ்டேஷன் ஓனருக்கு பழைய பயம் இருந்திருந்தா யோசிச்சிருப்பாரு. ஆனா அவர் 1984-லயே, டாக்ட்ரின் உயிரோட இருந்தப்பவே, கலிஃபோர்னியாவுல சாக்ரமென்டோ நகரத்துல இதே மாதிரி பேசிப் பேர் வாங்கிட்டாரு. அதனால வேற காரணங்களையும் பாக்கணும்.

முதல் காரணம் ஏஎம் ரேடியோ காலியாக் கெடந்தது. 1970கள்ல பாட்டு கேக்குறவங்க சத்தம் தெளிவா இருக்குன்னு எஃப்எம் பக்கம் போயிட்டாங்க. ஏஎம் ஸ்டேஷன் வச்சிருந்தவங்களுக்கு பாட்டால பிழைப்பு நடக்காது, பேச்சு நடக்கும், ஏன்னா பேச்சுக்கு சுமாரான ஒலி போதும். அடுத்தது சாட்டிலைட். ஒரு ஊர்ல பேசுறத நூத்துக்கணக்கான ஸ்டேஷன்களுக்கு நேரலையா குறைஞ்ச செலவுல அனுப்ப முடிஞ்சுது. இதுக்கு மேல வியாபார முறை ஒண்ணு, சிண்டிகேஷன், அதாவது ஒரு நிகழ்ச்சிய ஒரே இடத்துல தயாரிச்சு பல ஸ்டேஷன்களுக்குக் குடுக்கிறது. லிம்பாவ் நிகழ்ச்சிய நிறைய ஸ்டேஷனுக்கு காசே வாங்காம குடுத்தாங்க, பதிலுக்கு நிகழ்ச்சிக்குள்ள சில விளம்பர நிமிஷங்கள தயாரிப்பாளர் எடுத்துக்கிட்டாங்க. மத்தியானம் மூணு மணி நேரம் நிரப்ப வழி தெரியாம இருந்த ஓனருக்கு இத விட என்ன வேணும்? 56 ஸ்டேஷன்ல ஆரம்பிச்சது பின்னாடி 600-ஐத் தாண்டுச்சு.

இது எல்லாத்துக்கும் கீழ இருந்தது கேக்குற ஆட்களோட மனசு. டிவி நெட்வொர்க்கும் பெரிய பத்திரிகைகளும் நம்மள மாதிரி ஆட்களப் பாத்து முகத்த சுளிக்குதுன்னு நெனச்ச கோடிக்கணக்கான பேரு இருந்தாங்க, லிம்பாவ் அவங்க பாஷையில, சிரிக்க வச்சு, அந்த மீடியாவையே தினமும் கிழிச்சாரு. அரசியல் செய்திய விட "இந்தச் செய்திய அவங்க எப்படி சொன்னாங்க பாரு"ங்கிறதுதான் அந்த நிகழ்ச்சியோட முதுகெலும்பு, இன்னைக்கு வரைக்கும் அமெரிக்க வலதுசாரி விமர்சனத்தோட அடிப்படை வடிவமே அதுதான். 1994-ல குடியரசுக் கட்சி 40 வருஷம் கழிச்சு பிரதிநிதிகள் சபையப் பிடிச்சப்ப புதுசா ஜெயிச்சவங்க அவர கௌரவ உறுப்பினராவே ஆக்குனாங்க.

விதி மட்டும்தான் தடையா இருந்துச்சுன்னா இடதுசாரிகளுக்கும் அதே கதவு திறந்துதானே இருந்துச்சு. 2004-ல ஏர் அமெரிக்கான்னு லிபரல் பேச்சு ரேடியோ நெட்வொர்க் ஆரம்பிச்சாங்க, 2010 ஜனவரியில மூடிட்டாங்க. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு பிடிச்ச மீடியா ஏற்கனவே வேற இடத்துல இருந்துச்சுங்கிறது என் கணிப்பு.

செய்தி, கருத்து: ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கோடு

1996 அக்டோபர் 7-ஆம் தேதி ரூபர்ட் முர்டாக்கும் ராஜர் எய்ல்ஸும் ஆரம்பிச்ச ஃபாக்ஸ் நியூஸுக்கு வருமானம் ரெண்டு வழியில வருது, விளம்பரம் ஒண்ணு, ஒவ்வொரு கேபிள் சந்தாதாரருக்காகவும் கேபிள் கம்பெனி குடுக்கிற தொகை இன்னொண்ணு. அதுக்குள்ள ரெண்டு விதமான நிகழ்ச்சி இருக்கு. சாயங்காலம் பிரெட் பேயர் நடத்துறது செய்தி, ராத்திரி ஷான் ஹானிட்டி நடத்துறது கருத்து. திரையில லோகோ ஒண்ணுதான், அதனால பாக்குறவங்களுக்கு இந்த வித்தியாசம் லேசுல தெரியாது. நமக்கு வர்ற கிளிப்ல பெரும்பாலும் கருத்து நிகழ்ச்சிதான் இருக்கும், ஆனா "அமெரிக்க டிவியே சொல்லிடுச்சு"ன்னு தலைப்பு போட்டிருப்பாங்க.

2020 தேர்தல் ராத்திரி இந்த ரெண்டு பக்கமும் மோதுனது வெளியிலயே தெரிஞ்சுது. ஓட்டு எண்ணிக்கையக் கணிக்கிற ஃபாக்ஸ் குழு மத்த எல்லாருக்கும் முன்னாடி அரிசோனா பைடனுக்குன்னு சொல்லிடுச்சு. கணிப்பு சரிதான், பைடன் அங்க ஜெயிச்சாரு. ஆனா ஃபாக்ஸோட சொந்தப் பார்வையாளர்கள் கொதிச்சுப்போயி நியூஸ்மாக்ஸ்ங்கிற இன்னொரு வலதுசாரி சேனல் பக்கம் போக ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் சில நிகழ்ச்சிகள்ல டொமினியன்ங்கிற ஓட்டு மெஷின் கம்பெனி தேர்தல்ல மோசடி பண்ணதா பேச்சு ஓடுச்சு, டொமினியன் அவதூறு வழக்கு போட்டுச்சு, 2023 ஏப்ரல்ல 78.75 கோடி டாலர் குடுத்து ஃபாக்ஸ் அத முடிச்சுக்கிச்சு.

இங்க ஒரு நுணுக்கம். ஃபாக்ஸ் கருத்து நிகழ்ச்சித் தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன் பேச்சுக்காக ஃபாக்ஸ் மேல வந்த ஒரு அவதூறு வழக்க 2020-ல கோர்ட் தள்ளுபடி பண்ணுச்சு, அந்த நிகழ்ச்சியோட தொனியப் பாத்தா யாரும் அத அப்படியே உண்மைத் தகவலா எடுத்துக்க மாட்டாங்கன்னு. அதே வருஷம் எம்எஸ்என்பிசியோட லிபரல் தொகுப்பாளர் ரேச்சல் மேடோ மேல வலதுசாரி சேனல் ஒண்ணோட தாய் கம்பெனி போட்ட வழக்கும் அதே மாதிரி காரணத்துல தள்ளுபடி ஆச்சு. ஆனா டொமினியன் கேஸ்ல "இது வெறும் கருத்து"ங்கிற வாதத்த நீதிபதி ஏத்துக்கல, ஒரு கம்பெனி இந்தக் குற்றத்த செஞ்சுச்சுன்னு சொல்றது உண்மையா பொய்யான்னு சரிபாக்கக்கூடிய விஷயம். அமெரிக்காவுல கருத்து நிகழ்ச்சிக்கு கடிவாளம்னு ஒண்ணு இருக்குன்னா அது இந்த அவதூறு வழக்குதான், அதுவும் பிரபலங்கள், அதிகாரிகள் பத்தினதா இருந்தா பொய்னு தெரிஞ்சோ கண்டுக்காமலோ சொன்னாங்கன்னு நிரூபிக்கணும்னு 1964-லயும் 1967-லயும் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் இருக்கறதால ஜெயிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

இன்னைக்கு அந்தப் பிடி எங்க இருக்கு

டாக்ட்ரின் போனாலும் லைசென்ஸ் போகல. 2025 செப்டம்பர்ல ஏபிசி டிவில ராத்திரி காமெடி நிகழ்ச்சி நடத்துற ஜிம்மி கிம்மல், வலதுசாரி தலைவர் சார்லி கிர்க் கொலையப் பத்தி பேசுனது சர்ச்சையாச்சு. ட்ரம்ப் நியமிச்ச எஃப்சிசி தலைவர் பிரெண்டன் கார் ஸ்டேஷன்கள் மேல நடவடிக்கை வரலாம்ங்கிற மாதிரி வெளிப்படையா பேசுனாரு. ஏபிசி நிகழ்ச்சிய நிறுத்தி வச்சுது. எஃப்சிசி லைசென்ஸ் குடுக்கிறது நெட்வொர்க்குக்கு இல்ல, ஊர் ஊரா இருக்கிற ஸ்டேஷனுக்கு. அந்த ஸ்டேஷன்கள நிறைய வச்சிருக்கிற நெக்ஸ்டார், சின்க்ளேர்னு ரெண்டு கம்பெனிகள் உடனே நிகழ்ச்சிய எடுத்ததுக்குப் பின்னாடி இருந்த அழுத்தத்த இத வச்சுத்தான் புரிஞ்சுக்க முடியும். இதே மிரட்டல சிஎன்என் மேலயோ எம்எஸ்என்பிசி (2025 நவம்பர்ல இருந்து எம்எஸ் நவ்) மேலயோ இந்த வழியில வைக்க முடியாது.

என் பார்வையில கென்னடி காலத்துல செஞ்சதும் தப்பு, இதுவும் தப்பு, யார் ஆட்சியில இருந்தாலும் லைசென்ஸக் காட்டிப் பேச்ச அடக்குறது ஒரே வேலைதான். இத உரக்கச் சொன்னவங்கள்ல டெக்சாஸ் செனட்டர் டெட் க்ரூஸும் ஒருத்தர், கிம்மல அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஆனாலும் இதே அதிகாரத்த நாளைக்கு ஜனநாயகக் கட்சி வந்தா வலதுசாரிகள் மேல திருப்பும்னு எச்சரிச்சாரு. கிம்மல் செப்டம்பர் 23-ஆம் தேதி திரும்ப வந்தாரு, அந்த ரெண்டு கம்பெனிகளோட ஸ்டேஷன்கள்ல 26-ஆம் தேதிதான் வந்தாரு.